ஹெட்போன் வாங்கிய அன்று முதலில் எந்தப் பாட்டைக் கேட்டீர்கள்? மும்பைவாசிகளின் அனுபவங்கள்

செம்பூர்வாசி

போன சனிக்கிழமை லாமிங்டன் ரோட்டில் பின்பக்கம் மூடிய வகை ஹெட்போன் ஒன்று வாங்கினேன். ஒன்பதாயிரம் ரூபாய். கடைக்காரர் வழக்கம்போல ஹோட்டல் கலிஃபோர்னியா போட்டார், அந்த 1994 மேடைப் பதிவு. எந்தக் கடைக்குப் போனாலும் இதேதான் என்று உங்களுக்கே தெரியும். கிட்டார் முன்னிசை போய்க்கொண்டிருக்கும்போதே அந்தப் பெரிய தாளம் விழுமே, சரியாக அந்த நேரத்தில் என் முகத்தைப் பார்த்து "கைஸா லகா, சாப்?" என்றார், எப்படி இருக்கு என்று. தாளம் என் தாடை எலும்பில் விழுந்தது. அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை, பணத்தைக் கட்டிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து இளைய நிலா போட்டேன். சின்ன வயதிலிருந்து டேப்பிலும் பஸ்ஸிலும் கல்யாணக் கச்சேரிகளிலும் கேட்டுக் கேட்டு, எந்த இடத்தில் எது வரும் என்று தூக்கத்தில்கூடச் சொல்வேன். முதல் கிட்டார் வந்ததுமே மேலே கம்பளியைப் போட்டு மூடியது போல இருந்தது. எஸ்பிபி குரல் பக்கத்து அறையில் நின்றது. பேஸ் கிட்டார் மட்டும் ஊரைக் கூட்டியது.

அம்மா வந்து, "என்னடா, முகம் இப்படி இருக்கு?" என்றாள். அவள் காதில் மாட்டிவிட்டேன். அரை நிமிஷம் கேட்டிருப்பாள். "நம்ம பழைய டேப்புல இதைவிட நல்லா இருந்துச்சேடா" என்று சொல்லிவிட்டுக் குக்கரை இறக்கப் போய்விட்டாள்.

அந்த ஒரு வரி நாலு நாளாக மண்டைக்குள் சுற்றுகிறது. தப்பு பாட்டிலா, ஹெட்போனிலா?

பழைய கேசட், முலுண்ட்

ஹெட்போனைத் திட்டுவதற்கு முன்னால் ஒன்று சொல்லுங்கள், அந்த இளைய நிலா எங்கிருந்து வந்த ஃபைல்?

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். காலா கோடாவில் இருந்த ரிதம் ஹவுஸ் என்கிற இசைத்தட்டுக் கடை 2016-இல் மூடப்பட்டது. மூடுவதற்குச் சில வாரம் முன்னால் போய் ரோஜா சிடி வாங்கினேன். 1992-இல் படம் வந்தபோது கேசட் தேயத் தேயக் கேட்ட ஆள் நான், பாட்டில் புதிதாக ஏதாவது இருக்கும் என்று எதிர்பார்க்கவே இல்லை. ஞாபகத்துக்காகத்தான் வாங்கினேன். ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு சின்னச் சின்ன ஆசை போட்டேன். ஓர் அடி முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு முன்னால் மின்மினி மூச்சு எடுப்பது கேட்டது. என் காதுக்கு ஒரு சாண் தூரத்தில். இருபத்து நாலு வருஷமாக அந்த மூச்சு பாட்டுக்குள்ளேதான் இருந்திருக்கிறது, எனக்குத்தான் கேட்கவில்லை. ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

இணையத்தில் கிடைக்கும் எண்பதுகளின் தமிழ்ப் பாட்டுகளில் நிறைய, தேய்ந்த கேசட்டிலிருந்து ஏற்றப்பட்டவை. அவற்றில் சிலவற்றின் வேகமே மாறியிருக்கும். சிலவற்றில் "ரீமாஸ்டர்" என்று பெயர் வைத்து பேஸை, அதாவது கனத்த கீழ் ஒலியை, ஏற்றி, மெல்லிய இடத்தையும் பலத்த இடத்தையும் ஒரே மட்டத்துக்கு இழுத்து வைத்திருப்பார்கள். ஒற்றைத் தடப் பதிவை இரண்டாகப் பிளந்து ஸ்டீரியோ என்று கொடுப்பதும் உண்டு. நல்ல ஹெட்போன் அந்த அழுக்கையெல்லாம் அப்படியே எடுத்துக் காட்டும். ஆகவே உங்கள் இளைய நிலாவை இரண்டு மூன்று இடங்களிலிருந்து எடுத்து, கிட்டார் தொடங்கும் முதல் பத்து நொடியை மட்டும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். ஹோட்டல் கலிஃபோர்னியா சுத்தமான பதிவு. அது எதில் போட்டாலும் நன்றாகத்தான் இருக்கும், அதை வைத்து ஹெட்போனை எடை போட முடியாது.

டோம்பிவிலி ஃபாஸ்ட்

முலுண்ட் அண்ணா சொல்வது வீட்டில் அமைதியாக உட்கார்ந்து கேட்கிறவர்களுக்குச் சரி. நான் பாட்டுக் கேட்கும் இடம் லோக்கல் ரயில்.

இரைச்சல் அடக்கும் ஹெட்போன் வாங்கிய முதல் நாள் டோம்பிவிலியில் ஏறி, வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். 1995-இல் வந்த பம்பாய் படத்தின் தீம் இசையைப் போட்டு, இரைச்சல் அடக்கும் பொத்தானை அழுத்தினேன். தண்டவாளச் சத்தம், மின்விசிறி, பஜனை பாடும் கூட்டம், எல்லாம் ஒரே நொடியில் எங்கோ இறங்கிப் போனது. புல்லாங்குழல் மட்டும் தனியாக நின்றது. பக்கத்தில் நின்றவர் வாய் அசைகிறது, எனக்குச் சத்தமே வரவில்லை. பாலம் கடக்கும்போது வெளியே கழிமுகம் வெயிலில் பளபளத்தது. இதே ஊர்தான், இதே ரயில்தான் என்று நம்ப முடியவில்லை.

ஆனால் ராத்திரி வீட்டில் அதே பாட்டை அந்தப் பொத்தான் இல்லாமல் கேட்டேன், குழல் மெலிந்து வேறு குழலாக இருந்தது. பொத்தானைப் போட்டால் ஒரு குரல், எடுத்தால் ஒரு குரல். எது நிஜம் என்று இன்றுவரை தெரியவில்லை.

செம்பூர் நண்பரே, நீங்கள் கேட்காவிட்டாலும் இதைச் சொல்லிவிடுகிறேன். கடையில் நீங்கள் ஏமாந்தது பாட்டால் அல்ல, வால்யூமால். இரண்டு ஹெட்போனை ஒப்பிடும்போது எது கொஞ்சம் சத்தமாக ஒலிக்கிறதோ அதுதான் நல்லது என்று காது சொல்லிவிடும். வித்தியாசம் சின்னதாக இருந்தால் சத்தம் கூடியிருப்பதே தெரியாது, "தெளிவு" என்றுதான் தோன்றும். ஆகவே முதலில் இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள். அப்புறம், ஒரே பாட்டை முழுதாகக் கேட்காதீர்கள். பெண் குரலில் "ஸ", "ஷ" வரும் இடம் ஒன்று எடுங்கள், அங்கே காதில் ஊசி குத்தினால் அந்த ஹெட்போன் அரை மணி நேரத்தில் தலைவலி தரும். பேஸும் குரலும் சேர்ந்து வரும் இடம் ஒன்று எடுங்கள், பேஸ் வந்ததும் குரல் பின்னால் போகிறதா பாருங்கள். உங்கள் இளைய நிலாவில் நடந்தது அதுதான். மூன்றாவதாக, நிறைய வாத்தியம் ஒன்றாகச் சேரும் இடம். அங்கே ஒரே ஒரு வயலினைக் காதால் பிடித்துக்கொண்டு கடைசிவரை போக முடிகிறதா என்று பாருங்கள். கடையில் உட்கார இடம் கேளுங்கள், இருபது நிமிஷமாவது மாட்டியிருங்கள். ஐந்து நிமிஷத்தில் நன்றாக இருப்பது இருபதாவது நிமிஷத்தில் காது மடலைச் சுடும். கண்ணாடி போடுகிறவர் என்றால் கண்ணாடியோடு மாட்டிப் பாருங்கள், கண்ணாடிக் கம்பி ஏற்படுத்தும் இடைவெளி வழியாகவே பாதி பேஸ் வெளியே போய்விடும்.

மாட்டுங்கா மகள்

அப்பா நாற்பது வருஷம் மிருதங்கம் வாசித்தவர். சண்முகானந்தா ஹாலில் எந்தக் கச்சேரி என்றாலும் எங்களையும் கூட்டிக்கொண்டு போய்விடுவார். இப்போது முழங்கால் விடவில்லை, வீட்டோடு இருக்கிறார். அவர் கேட்கட்டும் என்று சென்ஹைசர் எச்டி 600 வாங்கினேன்.

போனில் நேராகச் செருகி ஒரு கச்சேரிப் பதிவைப் போட்டேன். தனி ஆவர்த்தனம், மிருதங்கம் மட்டும் தனியாக வாசிக்கும் இடம். அப்பா இரண்டு நிமிஷம் கேட்டார், கழற்றினார். "வலந்தலை மட்டும் வாசிக்கிறான். தொப்பி எங்கேம்மா?" என்றார். வலந்தலை என்பது மிருதங்கத்தின் வலது முகம், தொப்பி கனத்த நாதம் தரும் இடது முகம்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. விலையைச் சொல்லாமல் வாங்கி வைத்திருந்தேன்.

அப்புறம்தான் ஒரு சித்தப்பா விளக்கினார். அது 300 ஓம் மின்தடை உள்ள ஹெட்போன், போனின் பலம் அதற்குப் போதாது, நடுவில் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையர் வேண்டும் என்றார். வாங்கி மாட்டினோம். அதே பதிவு. இந்த முறை அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். தொப்பியில் கும்கி, அதாவது கையை அழுத்திச் சறுக்கும் அடி, விழுந்து அந்த நாதம் வளைந்து இறங்கும்போது அவருடைய இடது கை வேட்டியின் மேல் தானாக அழுந்தியது, மணிக்கட்டு அப்படியே சறுக்கியது. மூன்று வருஷமாக அந்தக் கை அசைந்து நான் பார்க்கவில்லை.

எனக்குச் சோதனைப் பாட்டு என்றால் அதுதான், மிருதங்கமும் தம்புராவும். தொப்பியில் அப்பிய ரவையின் ஈரமும், வலந்தலையின் சாப்பும் வெவ்வேறு தோலாகக் கேட்க வேண்டும். தம்புரா பின்னால் ஒரு ரீங்காரமாக மட்டும் இல்லாமல், நாலு தந்தியும் ஒவ்வொன்றாக விழ வேண்டும். டோம்பிவிலிக்காரர் எது நிஜம் என்று கேட்டிருந்தார். வாத்தியத்தை நேரில், பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தடவை கேட்டவருக்கு அந்தச் சந்தேகம் வராது.

பழைய கேசட், முலுண்ட்

அம்மா, அப்பாவுக்கு என் நமஸ்காரம் சொல்லுங்கள். அந்தக் கை அசைந்த இடத்தை இரண்டு தடவை படித்தேன்.

டோம்பிவிலி தம்பிக்கு ஒரு வார்த்தை. ஃபைல் தரம் வீட்டில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு மட்டும் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சிடியில் உள்ள இசை நொடிக்கு 1411 கிலோபிட். ப்ளூடூத்தில் இசையைச் சுருக்கி அனுப்பும் முறைகளில் பெரிய பெயர் எடுத்த எல்டிஏசி முழு வேகத்தில் ஓடினாலும் 990-தான், நெரிசலான ரயிலில் அதுவும் குறைந்துவிடும். ஒரு பங்கு வழியிலேயே உதிர்கிறது. எது உதிர வேண்டும் என்று தீர்மானிக்கிறவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். இசை ஃபைலைச் சுருக்கும் எம்பி3 முறையை உருவாக்கியவர்களில் ஒருவரான பிராண்டன்பர்க், சுசான் வேகாவின் டாம்ஸ் டைனர் பாட்டை வைத்துத்தான் அதைத் திரும்பத் திரும்பச் சரிசெய்தார். வாத்தியமே இல்லாத ஒற்றைப் பெண் குரல். எத்தனையோ வாத்தியங்கள் சேர்ந்த இசை தப்பித்துவிட்டது, அந்தத் தனிக்குரல்தான் முதலில் சிதைந்தது. தனிக்குரலில் ஒளிய இடம் கிடையாது, ஹெட்போனுக்கும் அதே கணக்குதான்.

டோம்பிவிலி ஃபாஸ்ட்

அண்ணா, கணக்கு சரி. ஆனால் கல்யாண் வேகவண்டியில் 1411-க்கும் 990-க்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கிற காது யாருக்கும் இல்லை. வீட்டில் வயர், ரயிலில் ப்ளூடூத். இதில் சண்டைக்கு என்ன இருக்கிறது?

ஆண்டாப் ஹில் நைட் ட்யூட்டி

தனிக்குரல் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். 1993-இல் வந்த திருடா திருடா படத்தில் ராசாத்தி பாட்டு. ஷாகுல் ஹமீது பாட, பின்னால் முழுக்கக் குரல்களே வாத்தியமாக நிற்கும். ஆஸ்பத்திரி வேலை முடிந்து காலை ஏழு மணிக்கு ஹாஸ்டல் கட்டிலில் படுத்துக்கொண்டு, தோழியின் நல்ல ஹெட்போனில் கேட்டேன். அதுவரை எனக்கு அந்தப் பின்குரல் ஒரே கூட்டம். அன்று ஒவ்வொருவரும் எங்கே நிற்கிறார்கள் என்று விரலால் காட்ட முடிந்தது. இடது ஓரத்தில் ஒரு குரலைப் பிடித்துக்கொண்டேன், பாட்டு முடியும்வரை அதை விடவில்லை. அந்தக் குரல் யாருடையது என்று இன்றும் தேடுகிறேன்.

தாராவி 90 அடி

ஹோட்டல் கலிஃபோர்னியா எதில் போட்டாலும் நன்றாக இருக்கும் என்று முலுண்ட் சார் சொன்னதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு பக்கம் உடைந்த ஹெட்போன்களைப் பழுது பார்ப்பதுதான் என் தொழில். அந்தத் தாளம் பாதி ஹெட்போனில் வெறும் தட்டலாகத்தான் விழும், அதுவும் ஒரு சோதனைதான். ஆனால் எந்த வாத்தியம் எங்கே, எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்கிற இடம் அதில் தெரியாது.

இடம் தெரிய வேண்டும் என்றால் 1993-இல் வந்த எ மீட்டிங் பை தி ரிவர் என்கிற இசைத்தொகுப்பு. விஸ்வ மோகன் பட்டின் மோகன வீணையும் ரை கூடரின் ஸ்லைடு கிட்டாரும். அமெரிக்காவில் ஒரு தேவாலயத்தில் இரண்டே மைக் வைத்துப் பதிவு செய்தது. முன்பின் சந்திக்காத இருவர், சேர்ந்து உட்கார்ந்த அன்றே வாசித்தார்கள். ஒரு வாடிக்கையாளரின் ஹெட்போனில் ட்ரைவரை, அதாவது உள்ளே ஒலி எழுப்பும் பாகத்தை, மாற்றிவிட்டுச் சோதிக்கப் போட்டேன். வெளியே தொண்ணூறடி ரோட்டில் டெம்போ ஹாரன். உள்ளே தபலா எனக்கு எத்தனை அடி தூரத்தில் இருக்கிறது என்று தெரிந்தது. தந்தி ஓய்ந்த பிறகு சத்தம் சுவரில் போய் மோதித் திரும்பி வந்தது. சால்டரிங் அயர்னைக் கையில் பிடித்தபடியே நின்றிருக்கிறேன், பையன் வந்து "அண்ணே, சூடு" என்று கத்தித்தான் கீழே வைத்தேன்.

வலதையும் இடதையும் காதில் மாற்றி மாட்டி ஒரு தடவை இளைய நிலாவைக் கேட்டுப் பாருங்கள், செம்பூர் சார். எந்தச் சத்தமும் பக்கம் மாறவில்லை என்றால் உங்களிடம் இருப்பது ஒற்றைத் தட ஃபைல்.

செம்பூர்வாசி

எல்லோர் சொன்னதையும் செய்தேன். மாற்றி மாட்டினேன், கிட்டார் உட்பட எதுவும் அசையவே இல்லை. தாராவி அண்ணன் சொன்னது சரி, ஃபைல் பொய். உறவுக்காரர் வீட்டில் பழைய சிடி ஒன்று கிடைத்தது. அதைப் போட்டதும் கிட்டார் ஒரு பக்கம், மற்றது ஒரு பக்கம் என்று பிரிந்தது. ஆனால் பேஸ் குரலை மூடுவது போகவில்லை. ஆகவே பாதி ஹெட்போனும்தான்.

மறுபடி லாமிங்டன் ரோடு போனேன். மாற்றித் தர மாட்டோம் என்றார்கள். சண்டை போடவில்லை. என் போன், என் வயர், என் ஃபைல் என்று எடுத்துக்கொண்டு வேறு கடையில் உட்கார்ந்தேன். 1980-இல் வந்த என் இனிய பொன் நிலாவே. யேசுதாஸ் தொடங்குவதற்கு முந்தைய கிட்டாரிலேயே தெரிந்துவிட்டது, கம்பியில் விரல் படுவது கேட்டது. விலை பழையதைவிட இரண்டாயிரம் கம்மி. பழையதைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டேன், அவனுக்கு அந்த பேஸ்தான் பிடிக்கிறது.

வீட்டில் அம்மா காதில் மாட்டி, சிடியிலிருந்து எடுத்த இளைய நிலாவைப் போட்டேன். அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். பாட்டு முடிந்தும் கழற்றவில்லை. காதில் மாட்டியிருப்பதை மறந்து வீடு அதிர, "டேய், புத்தம் புதுக் காலை இருக்காடா?" என்று கேட்டாள்.