11 வயது மகனுக்கு ஃபேட்டி லிவர், அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். வயிற்றுவலி என்று ஸ்கேன் எடுத்ததில் பையனுக்கு ஃபேட்டி லிவர், அதாவது கல்லீரலில் கொழுப்பு சேர்ந்திருக்கிறது என்று வந்தது. எடை 58 கிலோ, கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான எஸ்ஜிபிடி 84. ரிப்போர்ட்டில் 40 வரை நார்மல் என்று அச்சாகியிருக்கிறது. ஆனால் ஆண் பிள்ளைகளுக்கு 26 தாண்டினாலே கவனிக்க வேண்டுமாம்.

கழுத்துக் கருமையை அழுக்கு என்று நினைத்து ஒரு வருடமாகப் பயத்தமாவு போட்டுத் தேய்த்தேன். "வலிக்குதும்மா" என்பான். அது இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாம். மனசு ஆறவில்லை.

மருந்து வேண்டாம், இனிப்பையும் பாட்டில் ஜூஸையும் நிறுத்துங்கள், தினம் ஒரு மணி நேரம் ஓடி விளையாடட்டும் என்றார் டாக்டர். ஜூஸை நிறுத்திவிட்டோம். சரி, பள்ளி டப்பாவுக்கு என்ன கொடுப்பது? சுண்டல் அப்படியே திரும்பி வருகிறது.

உங்கள் பிள்ளைக்கு எஸ்ஜிபிடி இறங்கியிருந்தால் என்ன மாற்றினீர்கள், எத்தனை மாதம் ஆனது என்று எழுதுங்கள். மதுரைப் பக்கம் குழந்தைகள் கல்லீரல் மருத்துவர் தெரிந்தாலும் சொல்லுங்கள்.