‘ஈரியல்பு’ இருக்கட்டும், இன்னொரு சொல்லும் வேண்டும்

குழுவினருக்கு வணக்கம்.

அமிலத்தோடும் காரத்தோடும் வினைபுரியும் பொருளை ஆங்கிலத்தில் ஆம்ஃபோடெரிக் என்கிறோம். அதற்குத் தமிழில் ‘அமிலகாரி’ என்று நம் குழுவில் வந்த பரிந்துரையை என்னால் ஏற்க முடியவில்லை. அமிலமும் காரமும் கலந்த பொருள் என்றுதான் அது காதில் விழுகிறது. அவை கலந்தால் கிடைப்பது உப்பும் நீரும். பாடநூலில் இருக்கும் ‘ஈரியல்பு’ பிள்ளைகள் வாயில் பழகிய சொல், அதை ஏன் பிடுங்க வேண்டும்?

தண்டையார்பேட்டையில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உப்புப் பகுப்பாய்வு சொல்லித்தருகிறேன். துத்தநாக சல்பேட் கரைசலில் சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட்டால், கூழ் போல வெள்ளை வீழ்படிவு வரும். இன்னும் விட்டுக் குலுக்கினால் அதுவே கரைந்து சோதனைக்குழாய் தெளிந்துவிடும். இன்னொரு குழாயில் அதே வீழ்படிவின் மேல் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விட்டாலும் கரையும். இதைக் கண்ணால் பார்த்த பிள்ளை ஈரியல்பை நடுநிலையோடு குழப்பிக்கொள்ளாது. கார்பன் மோனாக்சைடு போன்ற நடுநிலை ஆக்சைடு அமிலத்தோடும் சேராது, காரத்தோடும் சேராது.

சிக்கல் ஆம்ஃபிபுரோட்டிக்கில்தான், அதாவது புரோட்டானைக் கொடுக்கவும் வாங்கவும் கூடிய பொருளைக் குறிக்கும் சொல்லில்தான். அதற்கும் ‘ஈரியல்பு’ என்றே எழுதிவிட்டுப் போகிறோம். நீர் ஹைட்ரஜன் குளோரைடிடம் புரோட்டானை வாங்கும், அம்மோனியாவுக்குப் புரோட்டானைக் கொடுக்கும். பைகார்பனேட் அயனிக்கும் இரண்டும் முடியும். ஆனால் துத்தநாக ஆக்சைடிடம் கொடுப்பதற்குப் புரோட்டானே கிடையாது! ஹைட்ராக்சைடின் எலக்ட்ரான் இணையைத் துத்தநாகம் ஏற்றுக்கொள்வதால்தான் அது காரத்தில் கரைகிறது. அதாவது அங்கே அது எலக்ட்ரான் இணையை ஏற்பது என்று லூயிஸ் சொன்ன அமிலம், புரோட்டானைக் கொடுப்பது என்று பிரான்ஸ்டெட்–லௌரி சொன்ன அமிலம் அல்ல. இரண்டு வரையறைகளும் 1923இல் வந்தவை. இத்தனை ஆண்டுகள் கழித்தும் இந்த வேறுபாட்டைத் தமிழில் ஒரு சொல்லால் காட்ட முடியவில்லை என்பது எனக்கு உறுத்துகிறது.

புரோட்டான் வழங்கி, புரோட்டான் ஏற்பி என்று ஏற்கெனவே எழுதுகிறோம் அல்லவா? இரண்டையும் சேர்த்து ‘வழங்கேற்பி’ என்கிறேன். வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: “நீர் ஒரு வழங்கேற்பி. வழங்கேற்பிகள் எல்லாம் ஈரியல்பு உடையவை. ஈரியல்பு உடையவை எல்லாம் வழங்கேற்பிகள் அல்ல.”

எலக்ட்ரானுக்கும் வழங்கி, ஏற்பி உண்டே என்று கேட்பீர்கள். சரிதான். முதல் முறை வரும் இடத்தில் ‘புரோட்டான் வழங்கேற்பி’ என்று முழுதாக எழுதிவிட்டு, அப்புறம் சுருக்கிக்கொள்ளலாம்.

மணலி, எண்ணூர்ப் பக்கம் ஆலை ஆய்வகங்களில் வேலை செய்யும் அன்பர்கள், இந்தச் சொல் உங்கள் வாயில் நிற்குமா என்று சொல்லிப் பார்த்து எழுதுங்கள்.