பொருள்: ஸ்பின்-ஆன் ஆயில் பில்டர்: தமிழில் என்ன சொல்வது? வெள்ளிக்குள் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர், செவ்வாய் காலை

குழுவினருக்கு வணக்கம்.

பழைய கார் என்ஜின்களுக்கான பொருத்துத் தொகுப்பு ஒன்றின் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். பன்னிரண்டு பக்கம்தான், ஆனால் வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். அந்த என்ஜின்களில் ஆயில் பில்டர் என்பது ஓர் உலோகக் கிண்ணம், அதற்குள் மடிப்பு மடிப்பான காகித எலிமெண்ட், நடுவில் எல்லாவற்றையும் பிடித்து நிற்கும் நீளமான போல்ட். ஒவ்வொரு முறையும் கிண்ணத்தைக் கழற்றிக் கழுவி, எலிமெண்ட்டை மாற்றி, ரப்பர் வளையத்தை நெம்பி எடுத்துப் புதிது போட வேண்டும். இந்தத் தொகுப்பைப் பொருத்திவிட்டால், மூடிய டப்பாவாக வரும் பில்டரை அப்படியே திருகி ஏற்றிவிடலாம்.

எனக்கு வேண்டியவை நான்கு: ஸ்பின்-ஆன் பில்டர், ஹவுசிங், அடாப்டர், பைபாஸ் வால்வு. இப்போதைக்குச் ‘சுழல் வடிகட்டி’, ‘உறை’ என்று போட்டு வைத்திருக்கிறேன். படித்துப் பார்த்தால் எனக்கே மனம் ஒப்பவில்லை.

விரிவுரையாளர், செவ்வாய் பகல்

‘சுழல்’ வேண்டாம் அம்மா. வேலை செய்யும்போதே சுழல்கிற வடிகட்டி வேறு இருக்கிறது. எண்ணெயின் அழுத்தத்தாலேயே உள்ளுருளை வேகமாகச் சுழன்று, மையவிலக்கு விசையால் கசடை ஓரத்தில் ஒதுக்கும். பெரிய டீசல் என்ஜின்களில் உண்டு. அந்தச் சொல் அதற்குத்தான் உரியது. நம்முடையது ஏற்றும்போது மட்டும் சுற்றுகிறது, அப்புறம் அசையாமல் நிற்கிறது. ‘திருகு வடிகட்டி’ எனலாம்.

பைபாஸுக்குப் ‘புறவழி’. புறவழிச்சாலையை அறியாதவர் இல்லை. காகிதம் அடைத்துக்கொண்டாலோ, குளிரில் எண்ணெய் இறுகினாலோ, காகிதத்தைச் சுற்றிக்கொண்டு எண்ணெய் போகிற வழி அது. வடிகட்டாத எண்ணெயாவது தாங்கிகளுக்கு, அதாவது பேரிங்குகளுக்குப் போகட்டும் என்ற ஏற்பாடு. வால்வு வால்வாகவே இருக்கட்டும்.

தமிழாசிரியர், செவ்வாய் இரவு

அன்புடையீர்,

வால்வுக்கு ‘ஓரதர்’ இருக்கிறதே! அதர் என்றால் வழி. ஒரு வழியாக மட்டும் விடுவது ஓரதர். இருக்கும் சொல்லைத் தள்ளிவிட்டுக் கடன் வாங்குவானேன்?

பில்டருக்கு வருகிறேன். ‘ஆயில் பில்டர்’ என்ற முழுத்தொடருக்கும் ஒரே சொல்லாகத் தமிழில் நெடுங்காலமாக இருப்பது ‘நெய்யரி’. நன்னூல் மாணாக்கரை வகைப்படுத்தும் நூற்பாவில் அன்னம், ஆ, மண், கிளி, இல்லிக்குடம், ஆடு, எருமை என்று அடுக்கிக் கடைசியில் நெய்யரியில் முடிக்கிறது. நல்லதை ஒழுகவிட்டுக் கசடைப் பிடித்து வைத்துக்கொள்வதால் அது கடைமாணாக்கனுக்கு உவமை ஆயிற்று. மாணவனுக்குக் குற்றமாகிற அதே குணம்தானே என்ஜினுக்கு வேண்டியது? நெய் என்பது பழைய வழக்கில் எண்ணெய்க்கும் பொது. எள் + நெய் = எண்ணெய். என்ஜினில் ஊற்றுவது எள்ளிலிருந்து வந்ததில்லை. ஆகவே ‘எண்ணெய்’ என்பதைவிட ‘நெய்’ என்பதே பொருந்தும்.

‘வடிகட்டி’யில் உள்ள ‘கட்டி’ எங்கிருந்து வந்தது என்று எண்ணிப் பார்த்ததுண்டா? பானை வாயில் துணியை வேடு கட்டி வடிப்பதிலிருந்துதான் என்பது என் துணிபு. திருகி ஏற்றும் ஒன்றை எங்கே கட்டுவது?

ஆகவே ‘திருகுநெய்யரி’. கலன் என்று நீட்ட விரும்பினால் ‘திருகுகலன்’. ஒற்று மிகாது.

விரிவுரையாளர், புதன் காலை

ஐயா, நெய்யரி அழகான சொல். ஆனால் பொறியியலில் ‘அரிப்பு’ என்றால் இன்று உலோகம் அரித்துப் போவது. என்ஜின் கையேட்டில் ‘அரி’யைக் கண்டால் படிப்பவர் துருவைத்தான் நினைப்பார்.

இன்னொன்று, ‘திருகுக்கலன்’ என்று ஒற்று மிக வேண்டாமா? விறகுக்கடை என்றுதானே எல்லோரும் எழுதுகிறோம்?

தமிழாசிரியர், புதன் காலை

எழுதுகிறோம், ஆனால் விதி அதுவன்று. திருகு என்பது உயிர்த்தொடர்க் குற்றியலுகரம். வன்தொடர் போல அன்றி, இதன்முன் வேற்றுமையிலும் வல்லினம் மிகாது. வரகு கதிர் என்பது போல. ‘திருகு’வை வினையாகக் கொண்டால் வினைத்தொகை, ஊறுகாய் போல அங்கும் மிகாது. பெயரோ வினையோ, இரண்டு வழியிலும் ‘திருகுகலன்’தான். விறகுக்கடை வழக்கால் நிலைபெற்றுவிட்டது. புதிதாக ஆக்கும் சொல்லையாவது விதிப்படி ஆக்குவோமே.

அரிப்பைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்தான் என்று எந்த மொழி இருந்திருக்கிறது?

மொழிபெயர்ப்பாளர், புதன் பகல்

ஐயா சொன்னதைப் படித்த பிறகு ‘வடி’யில் எனக்கொரு சிக்கல் தெரிகிறது. கையேட்டின் முதல் படி, பழைய எண்ணெயை வெளியேற்றுவது. அதை ‘வடித்தல்’ என்று எழுதியிருந்தேன். ‘எண்ணெயை வடித்தபின் வடிகட்டியைக் கழற்றுக’ என்று வருகிறது. வடித்ததும் வடிகட்டியும் ஒன்றோடொன்று தொடர்பு உள்ளவை போலத் தோன்றுகிறது. வடிகட்டியின் வழியாகவே எண்ணெயை எடுக்க வேண்டும் என்று யாராவது நினைத்துவிட்டால்?

பட்டறை நடத்துபவர், புதன் இரவு

எல்லோருக்கும் வணக்கம். நான் இலக்கணம் அறிந்தவன் இல்லை, முப்பது வருடமாக என்ஜின் பிரிக்கிறவன். வெளியேற்றுவதற்கு ‘இறக்குதல்’ என்று போடுங்கள் தங்கச்சி. ஆயிலை இறக்கு என்றால் பையனுக்கு உடனே விளங்கும்.

‘ஹவுசிங்’குக்கு ஒரே சொல் தேடுவதுதான் இங்கே பெரிய தப்பு. இந்த மாற்றத்தில் ஹவுசிங் முழுவதும் போவதில்லை. என்ஜின் பிளாக்கில் பொருந்தியிருக்கும் தலைப்பகுதி அங்கேயே இருக்கும். கிண்ணமும் அதன் போல்ட்டும்தான் வெளியே போகும். அவை இருந்த இடத்தில் அலுமினியத் தட்டு ஒன்று வரும், அதன் நடுவில் புதிய பில்டர் ஏறும் மரைக்குழாய். தலையையும் கிண்ணத்தையும் சேர்த்து ‘உறை’ என்று எழுதினால், ‘உறையைக் கழற்றுக’ என்ற வரியைப் படித்துவிட்டுத் தலையையும் கழற்றப் பார்ப்பான். தலைக்கு ஒரு பெயர், கிண்ணத்துக்கு ஒரு பெயர் வேண்டும்.

தலையின் அடியில் வட்டமாக ஒரு பள்ளம் இருக்கும், தச்சர்கள் சொல்கிற காடி. ரப்பர் வளையம் அதில்தான் உட்காரும். வருடக்கணக்கில் சூட்டில் கிடந்து பழைய வளையம் காடியோடு காடியாகக் கறுத்துப் போயிருக்கும், கண்ணுக்கே தெரியாது. தொழிலுக்கு வந்த புதிதில் நான் அதை எடுக்காமல் மேலேயே புது வளையத்தை வைத்து மூடினேன். ஸ்டார்ட் செய்த சில நொடியில் தரையெல்லாம் எண்ணெய். அழுத்தம் காட்டும் முள்ளை யாரும் பார்க்காமல் விட்டிருந்தால் என்ஜினே போயிருக்கும். அலுமினியத் தட்டும் அதே காடியில்தான் உட்காருகிறது. எந்தச் சொல் வைத்தாலும் சரி, காடியை மட்டும் தெளிவாக எழுதுங்கள்.

அப்புறம் ‘திருகு’. திருகு என்றால் பையன் ஸ்பேனரைத் தேடுவான். இந்த டப்பாவை ஸ்பேனர் போட்டு இறுக்கவே கூடாது. ரப்பரில் கொஞ்சம் எண்ணெய் தடவி, கையால் சுற்றி, ரப்பர் தொட்டதும் இன்னொரு முக்கால் சுற்று. பெரும்பாலான பில்டருக்கு அவ்வளவுதான், டப்பாவின் மேலேயே அச்சடித்திருப்பார்கள். அதிகம் இறுக்கினால் ரப்பர் நசுங்கும், அடுத்த முறை கழற்ற டப்பாவைக் கிழிக்க வேண்டியிருக்கும். அதனால் ‘கைத்திருகு’ என்று சொன்னால் என்ன?

விரிவுரையாளர், வியாழன் காலை

அண்ணன் சொன்ன ‘கைத்திருகு வடிகட்டி’ எனக்குப் பிடித்திருக்கிறது. பெயரிலேயே செய்முறை இருக்கிறது. தலைக்கு ‘வடிகட்டித் தலை’, கிண்ணத்துக்குக் ‘கிண்ணம்’, அடாப்டருக்கு ‘இணைப்புத் தட்டு’.

கூடவே ஒரு எச்சரிக்கை. மரைக்குழாய் இரண்டு அளவில் பரவலாக வருகிறது: முக்கால் அங்குலம், அதாவது 19.05 மி.மீ., அங்குலத்துக்கு 16 மரை. மற்றது 20 மி.மீ. விட்டம், மரையிடை 1.5 மி.மீ. 20 மி.மீ. டப்பாவை முக்கால் அங்குலக் குழாயில் ஏற்றினால் ஏறிவிடும், இறுகியது போலவும் இருக்கும். அழுத்தம் வந்ததும் பிடுங்கிக்கொள்ளலாம். புறவழியையும் பார்க்க வேண்டும். சில என்ஜின்களில் அந்த வால்வு தலையிலேயே இருக்கிறது, சிலவற்றில் கழற்றிப் போடுகிற கிண்ணத்தோடு போய்விடுகிறது. போய்விட்டால், அது உள்ளே அமைந்த டப்பாவாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தமிழாசிரியர், வியாழன் பகல்

மரைக்குப் ‘புரி’ என்ற சொல்லையும் கருதுங்கள். புரிதல் என்றால் முறுக்குதல். முப்புரி நூல், வலம்புரிச் சங்கு. வலப்பக்கம் சுற்ற ஏறுவது வலம்புரி, மறுபக்கம் சுற்ற ஏறுவது இடம்புரி. எந்தப் பக்கம் இறுகும் என்று தனியாக விளக்கவே வேண்டாம். ‘புரியேற்று வடிகட்டி’ என்றால் செறிவாக இருக்கும்.

பட்டறை நடத்துபவர், வியாழன் பகல்

ஐயா, வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்கிறவனுக்கு ஒரு பக்கம் வலம், மேலிருந்து கையை விட்டுத் துழாவுகிறவனுக்கு அதே சுற்று இடம். ‘டப்பாவின் மூடிய அடிப்பக்கத்திலிருந்து பார்த்தால் கடிகாரத் திசை’ என்று எழுதினால்தான் தப்பாது. அதோடு, ‘புரி’ என்று படித்தால் யாருக்கும் முதலில் தோன்றுவது விளங்குதல்தான்.

மொழிபெயர்ப்பாளர், வியாழன் இரவு

எல்லோருக்கும் மிக்க நன்றி. நாளைக்குப் போகும் பிரதியில் இப்படி வைக்கிறேன்: கைத்திருகு வடிகட்டி, வடிகட்டித் தலை, கிண்ணம், இணைப்புத் தட்டு, காடி, புறவழி வால்வு. வெளியேற்றுவதற்கு ‘இறக்குதல்’. முதல் பக்கத்தில் ஒருமுறை மட்டும் ‘ஸ்பின்-ஆன் பில்டர் எனப்படும் கைத்திருகு வடிகட்டி’ என்று வரும். கடையில் போய் வாங்குகிறவருக்கு அந்தப் பெயரும் தெரிந்திருக்க வேண்டும். எண்ணெயை ‘என்ஜின் ஆயில்’ என்றே விட்டுவிட்டேன், ஐயா பொறுத்தருள வேண்டும்.

தமிழாசிரியர், வெள்ளி காலை

பிரதி போகட்டும் அம்மா, உழைப்புக்கு வாழ்த்து. கைத்திருகு நல்ல சொல். ‘என்ஜின் ஆயில்’ எனக்கு உடன்பாடில்லை. ‘உயவு எண்ணெய்’ பாடநூலிலேயே இருக்கிறது. உயவு என்றால் பழைய பொருள் வருத்தம்தான், அதை நானும் அறிவேன். அது பற்றித் தனி மடல் எழுதுகிறேன். நெய்யரியையும் நான் விடவில்லை.

விரிவுரையாளர், வெள்ளி பகல்

தாமதமாக ஓர் ஐயம். புதிய என்ஜின்கள் பலவற்றில் மறுபடியும் காகித எலிமெண்ட்டே வருகிறது. எறிகிற உலோகம் குறையட்டும் என்று டப்பாவைத் தவிர்க்கிறார்கள். அதற்குமேல் பிளாஸ்டிக் மூடி ஒன்று திருகி ஏறுகிறது. அப்படியானால் அதுவும் திருகுதானே? வேறுபாடு திருகுவதில் இல்லை, டப்பாவும் காகிதமும் பிரியாமல் ஒன்றாக இருப்பதில் இருக்கிறது. ‘அடைகலன் வடிகட்டி’ என்று யோசித்தேன், அடைக்கலம் என்று காதில் விழுகிறது. ‘ஒருகலன் வடிகட்டி’?

பட்டறை நடத்துபவர், வெள்ளி மாலை

அந்தப் பிளாஸ்டிக் மூடியைக் கையால் மட்டும் இறுக்கிவிட்டால் போதாது, குறிப்பிட்ட அளவு முறுக்கு கொடுக்க வேண்டும், அந்த அளவும் மூடியிலேயே இருக்கும். அதனால் ‘கை’ இருக்கிற வரையில் நம்முடைய சொல் நிற்கும் தம்பி. ‘கை’யை மட்டும் யாரும் எடுத்துவிடாதீர்கள்.