உண்ணியைப் பிடுங்கினால் வாய் உடைகிறது

வால்பாறையில் வண்டியில் அடிபட்டுச் சாகும் கடமான்களிலிருந்து, வனத்துறை அனுமதியோடு உண்ணி சேகரிக்கிறேன். ஜனவரி முதல் மூன்று கடமான்கள். காதுமடலுக்குள் அவரைக்கொட்டை மாதிரி ஊதிய பெண் உண்ணிகள், கொத்தாக. பிடுங்கினால் வாய் தோலுக்குள்ளேயே தங்கிவிடுகிறது.

இந்த உண்ணிகளுக்குக் கண் இல்லாததால் ரிப்பிசெஃபாலஸ் பேரினம் இல்லை, ஹீமாஃபைசாலிஸ் பேரினம் என்றே நினைக்கிறேன். ஆனால் குரங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஹீமாஃபைசாலிஸ் ஸ்பினிஜெரா இனம்தானா என்று உறுதிசெய்ய வாய்ப்பகுதி முழுசாக வேண்டும்.

கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தேன், உடைந்தது. திருகினேன், இன்னும் மோசம். கடைசியில் தோலோடு வெட்டி 70% எத்தனாலில் போட்டேன், தோல் செருப்பு மாதிரி விறைத்துவிட்டது. (நடுவில் எனக்கும் ரெண்டு கடி.) கையில் 40 மடங்கு நுண்ணோக்கி இருக்கிறது.

விறைத்த தோலிலிருந்து வாய் சிதையாமல் உண்ணியைப் பிரிப்பது எப்படி?