சேலத்துக்குள் ஓடும் 78 டிகிரி கோடு: கோஆர்டினேட் மாற்றும்போது எதிர்ப்பட்டவை

சேலம் மாவட்டத்தில் அளவை வேலை பார்க்கும் ஐவர் தங்கள் அனுபவத்தைச் சொல்கிறார்கள்.

டிஜிபிஎஸ் (திருத்தம் சேர்த்த துல்லிய ஜிபிஎஸ்) சர்வேயர், ஓமலூர்:

சேலம் மாவட்டத்தில் சர்வே வேலை பார்ப்பவர்கள் 78 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையை மறக்கவே கூடாது. யூடிஎம்மில் (உலகை 6 டிகிரி அகல ஸோன்களாகப் பிரித்து, இடத்தை மீட்டரில் சொல்லும் முறை) 43-ஆம் ஸோன் அங்கே முடிந்து 44 தொடங்குகிறது. மேட்டூர், எடப்பாடி, சங்ககிரி, தாரமங்கலம் எல்லாம் 43. ஓமலூர், சேலம், ஏற்காடு, ஆத்தூர் 44.

மேட்டூர்ப் பக்கமிருந்து சேலம் வரும் ஒரு குழாய் வழித்தடத்தின் சிஎஸ்வி (எண்களை வரிவரியாக வைத்த ஃபைல்) கைக்கு வந்தது. ஈஸ்டிங் (கிழக்கு நோக்கிய மீட்டர் எண்) 8,05,000-இல் தொடங்கி, ஏறிக்கொண்டே போய் 8,27,000 தாண்டியதும் சட்டென்று 1,73,000-க்கு விழுகிறது. ரிசீவரில் ஸோன் தானாக மாறும்படி விட்டிருக்கிறார்கள். கேட் (CAD) வரைபட மென்பொருளில் திறந்தால் ஒரே குழாய் இரண்டு துண்டாக, 650 கிலோமீட்டர் தள்ளித் தள்ளி நிற்கும்.

சரிசெய்யும் வழி: ஈஸ்டிங் 5 லட்சத்துக்கு மேலுள்ள வரிகளைத் தனி ஃபைலாகப் பிரித்து இபிஎஸ்ஜி 32643 (43-ஆம் ஸோனுக்கான குறியீட்டு எண்) என்று கியூஜிஐஎஸ் வரைபட மென்பொருளில் ஏற்றுங்கள். மீதியை 32644 என்று ஏற்றுங்கள். பிறகு முதல் ஃபைலை மட்டும் ரீபுரொஜெக்ட் செய்து 44-க்குக் கொண்டுவந்து இரண்டையும் சேர்த்துவிடலாம். ஸோன் எல்லையை 20, 25 கிலோமீட்டர் தாண்டுவதால் கணக்கு ஒன்றும் கெடாது. ஒரே வேலையில் இரண்டு ஸோன் இருப்பதுதான் கெடுதல்.

சேலம் டவுனுக்கு 44-இல் ஈஸ்டிங் சுமார் 1,90,000, நார்த்திங் (வடக்கு நோக்கிய எண்) சுமார் 12,89,000. இந்த இரண்டு எண்ணையும் மேசையில் எழுதி ஒட்டி வையுங்கள். ஈஸ்டிங் 8,44,000 என்று வந்தால் ஸோன் தப்பு. ஈஸ்டிங் இடத்தில் 12 லட்சம் நின்றால் நெடுவரிசை இரண்டும் இடம் மாறியிருக்கிறது; டோட்டல் ஸ்டேஷனில் (கோணமும் தூரமும் அளக்கும் கருவி) நார்த்திங்கை முதலில் எழுதும் வழக்கத்தால் வருவது இது.

கனிமச் சர்வே, சேலம்:

ஓமலூர் அண்ணா சொன்னது புது டேட்டாவுக்கு. எங்களுக்கு மேக்னசைட், பாக்சைட் வேலைகளில் பழைய டோப்போஷீட்டோடுதான் (அரசு அச்சிட்ட நிலவரைபடத் தாள்) மல்லுக்கட்டு. ஷீட் எண் சேலம் டவுனுக்கு 58 ஐ/2, ஏற்காட்டுக்கு 58 ஐ/1. அவை எவரெஸ்ட் எலிப்சாய்டில் (பூமியின் வடிவத்துக்கான பழைய கணக்கு உருவம்), பாலிகோனிக் புரொஜெக்‌ஷனில் அச்சானவை. 1802-இல் பரங்கிமலைப் பக்கம் அடித்தளக் கோடு அளந்து தொடங்கிய முக்கோண அளவையின் வழிவந்த எண்கள். ஜிபிஎஸ் தரும் டபிள்யூஜிஎஸ் 84-ஓடு (இன்றைய உலகப் பொது அளவை அடிப்படை) அவற்றை நேராக ஒட்டவே முடியாது.

ஒரு குத்தகை எல்லையின் மூலைத் தூண்களுக்கு ஷீட்டில் படித்த லாட்-லாங்கை அப்படியே கூகுள் எர்த்தில் போட்டிருந்தார்கள். எல்லை முழுக்கத் தென்கிழக்காக 200 மீட்டருக்கு மேல் நகர்ந்துவிட்டது. காரணம் இதுதான்: சேலம் பகுதியில் எவரெஸ்ட் அட்சம் டபிள்யூஜிஎஸ்ஸைவிட 5 நொடிக்கு மேல் குறைவு, தீர்க்கம் 4 நொடிக்கு மேல் அதிகம். தெற்கே 165 மீட்டர், கிழக்கே 135 மீட்டர் வாக்கில் தள்ளும்.

ஸ்கேன் செய்த ஷீட்டை ஜியோரெஃபரன்ஸ் செய்யும்போது (படத்துக்குக் கோஆர்டினேட் கொடுக்கும்போது) நான்கு மூலை மட்டும் போதாது. 5 நிமிடக் கோடுகள் வெட்டும் 16 இடத்தையும் குறியுங்கள். இலக்கு இபிஎஸ்ஜி 4146, அதாவது ஷீட்டின் பழைய எவரெஸ்ட் முறை. நிமிடத்தைத் தசமமாக்கும் இடத்தில்தான் கை தவறும்: 11 டிகிரி 35 நிமிடம் என்றால் 11.58333, 11.35 அல்ல. 300 டிபிஐ ஸ்கேனில் ஒரு பிக்சல் தரையில் 4.2 மீட்டர். ஒரு புள்ளி மட்டும் 3 பிக்சலுக்கு மேல் விலகினால் டைப்பிங் தவறு. ஒரு ஓரம் மொத்தமாக விலகினால் தாள் சுருங்கியிருக்கிறது.

அதன்பின் 32644-க்கு மாற்றும்போது மென்பொருள் எந்த டிரான்ஸ்ஃபர்மேஷன் என்று கேட்கும். 295, 736, 257 என்ற மூன்று எண் கொண்டதை எடுங்கள். ‘பால்பார்க்’ என்று இருப்பதைத் தொடாதீர்கள், அது டேட்டம் (அளவை அடிப்படை) மாற்றம் எதையும் செய்யாது. அந்த மூன்று எண்ணும் நாடு முழுமைக்குமான சராசரி என்பதால் மாற்றிய பிறகும் 20 மீட்டர் வரை மிச்சம் நிற்கும். ரயில் பாதையும் ரோடும் வெட்டும் இடம், பழைய பாலம், ட்ரிக் பாயிண்ட் (முக்கோண அளவைக் கல்) என்று அசையாத நாலைந்து இடங்களில் ஜிபிஎஸ் வைத்து, சராசரி விலகலைக் கண்டு, லேயரை அவ்வளவு நகர்த்திவிடுங்கள்.

டிரோன் மேப்பிங், ஆத்தூர்:

கூடவே ஒன்று. லேயர் தப்பான இடத்தில் விழுந்தால் பலர் ‘செட் சிஆர்எஸ்’ (சிஆர்எஸ் என்றால் கோஆர்டினேட் முறை) அழுத்துகிறார்கள். அது பெயரை மட்டும் மாற்றும், எண்ணைத் தொடாது. எண்ணை மாற்றுவது ‘ரீபுரொஜெக்ட் லேயர்’. டிஎக்ஸ்எஃப் என்ற கேட் ஃபைலில் பெரும்பாலும் சிஆர்எஸ் இருக்காது, அதற்கு முதலாவது செட், பிறகு ரீபுரொஜெக்ட்.

ரோடு சர்வே, ஏற்காடு:

டோட்டல் ஸ்டேஷனில் 1,000 மீட்டர் அளந்த கோடு யூடிஎம்மில் 1,000.75 என்று வருகிறது, கருவி கெட்டுவிட்டதா என்று கேட்கிறார்கள். கருவி சரியாகத்தான் இருக்கிறது. 44-ஆம் ஸோனின் மைய ரேகை 81 டிகிரி. நாம் அதிலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல் மேற்கே, ஸோனின் ஓரத்தில் இருக்கிறோம், அதனால் கிரிட் (யூடிஎம்மின் சதுரக் கட்டம்) இழுபடுகிறது. சேலம் டவுனில் கிலோமீட்டருக்கு 75 சென்டிமீட்டர். ஏற்காட்டில் உயரம் அதில் கொஞ்சத்தைக் குறைத்துவிடுவதால் 52 சென்டிமீட்டர். ஆக அடிவாரத்துக்கும் மேலுக்கும் ஒரே ஸ்கேல் போட்டு மலைப்பாதையைக் கணக்கிட்டால் கிலோமீட்டருக்கு 20 சென்டிமீட்டருக்கு மேல் இடிக்கும்.

பரப்பில் இது இன்னும் உறைக்கும். சேலத்தில் 100 ஏக்கர் நிலம் கிரிட் கணக்கில் 15 சென்ட் கூடுதலாகக் காட்டும். கியூஜிஐஎஸ்ஸில் எலிப்சாய்டு பரப்பை எடுத்தால் இந்த வீக்கம் பெருமளவு போய்விடும்.

கட்டுமான வேலைக்கு நான் பரிந்துரைப்பது தனி சிஆர்எஸ்: டிரான்ஸ்வர்ஸ் மெர்கேட்டர், மைய ரேகை 78.15, டவுனுக்கு ஸ்கேல் 1.00003, ஏற்காட்டுக்கு 1.00022. ஃபால்ஸ் ஈஸ்டிங் (மைய ரேகைக்குக் கொடுக்கும் ஈஸ்டிங் எண்) 50,000 என்று வையுங்கள். 5,00,000 வைத்தால் பின்னால் யாராவது யூடிஎம் என்று நினைத்துவிடுவார்கள்.

உயரத்தையும் கவனியுங்கள். இங்கே ஜியாய்டு (கடல்மட்டத்தை ஒட்டிய உயரக் கணக்கின் தளம்) எலிப்சாய்டுக்கு ஏறக்குறைய 90 மீட்டர் கீழே. ஜியாய்டு மாடல் ஏற்றாத ரிசீவர், பெஞ்ச்மார்க்கில் 278 என்று இருக்கும் இடத்தில் 190-ஐ ஒட்டித்தான் காட்டும்.

நில அளவை, வாழப்பாடி:

எஃப்எம்பி (நில அளவைப் புலப்படம்) பற்றி யாரும் சொல்லவில்லையே சார். அதில் கோஆர்டினேட்டே கிடையாது, ஜி லைனும் (புலத்துக்குள் போடும் அடிக்கோடு) அதிலிருந்து எடுத்த செங்குத்து அளவுகளும்தான். பழையது லிங்க்ஸில் இருந்தால் ஒரு லிங்க் 0.201168 மீட்டர். முதலில் அளவுகளை வைத்து கேடில் வரைந்துவிடுங்கள், ஸ்கேன் படத்தை இழுக்காதீர்கள். பிறகு களத்தில் அசையாமல் நிற்கும் மூன்று சர்வே கல்லில் டிஜிபிஎஸ் வைத்து ஹெல்மர்ட் முறையில் (நகர்த்தி, திருப்பி, எல்லாப் பக்கமும் ஒரே ஸ்கேலில்) பொருத்துங்கள். பாலினோமியல் போட்டால் கல்லுக்குக் கல் தூரத்தையே வளைத்துவிடும், பிழையும் கண்ணுக்குத் தெரியாது. நான்காவது கல்லைப் பொருத்தாமல் சோதனைக்கு வையுங்கள்.

சேலம் டவுன் பக்கம் யூடிஎம்மில் பொருத்தும்போது ஸ்கேல் 1.0007 அல்லது 1.0008 என்று வந்தால் அது ஏற்காடு நண்பர் சொன்ன இழுவைதான், விட்டுவிடலாம். 1.005 என்று வந்தால் ஒரு கல் நகர்த்தி நடப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு கல்லாக விட்டுவிட்டுப் பொருத்திப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.