பறவைக்குரல் தொகுப்புக்கு விலை 49-ஆ, 299-ஆ?

கோத்தகிரிக்காரன்
வணக்கம். நீலகிரிச் சோலைப் பறவைகள் பற்றி 80 பக்க பிடிஎஃப், கூடவே 60 பறவைகளின் குரல் எம்பி3 கோப்புகள். ஹோம்ஸ்டேக்கு வருகிறவர்களுக்கும் பறவை பார்க்கிறவர்களுக்கும் விற்க. 49 ரூபாய் வைத்தால் நிறையப் பேர் வாங்குவார்களா, இல்லை நெட்டில் சுட்டது என்று நினைத்துவிடுவார்களா? 299 ரொம்ப அதிகமோ?

வட்டக்கானல்
49 வேண்டாம். எங்கள் ஊர் மலைப்பூண்டைக் கடையில் ஒரு பல் நசுக்கி மோந்து பார்த்து வாங்கலாம். கோப்பைக் காசு கொடுத்த பிறகுதான் திறக்க முடியும். அதுவரை தரத்துக்கு விலைதான் சாட்சி. 2008-ல் வெளியான ஓர் ஆய்வில் ஒரே ஒயினை 10 டாலர் என்றும் 90 டாலர் என்றும் சொல்லிக் குடிக்கக் கொடுத்தார்கள். 90 என்று சொன்னபோது அதே ஆட்களுக்கு அது கூடுதலாகப் பிடித்தது.

கணக்கும் பாருங்கள். ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் பேமெண்ட் கேட்வே கட்டணம் 2 சதவீதம், அந்தக் கட்டணத்தின்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி என்றால் 299-ல் கைக்கு 291.94, 49-ல் 47.84. ஒரு 299-க்கு ஈடாக 49-ல் ஆறு பேருக்கு மேல் பிடிக்க வேண்டும். வெளிநாட்டுத் தளம் ஏதாவது 10 சதவீதத்தோடு விற்பனைக்கு 50 சென்ட்டும் எடுத்தால், 49-ல் மிஞ்சுவது ஒரு டீக்குக்கூடக் காணாது.

சிம்ஸ்பூங்கா
விலையை ஏற்றினால் எதிர்பார்ப்பும் ஏறும். அங்கேதான் பலரும் மாட்டுகிறார்கள். 299 கொடுத்தவர் முதலில் போனில்தான் திறப்பார், அதுவும் சிக்னல் இல்லாத சோலைக்குள். குரல் கோப்புகளின் ஒலித்தர அளவை (பிட்ரேட்) 128 கேபிபிஎஸ்ஸில் வையுங்கள். 30 வினாடி வீதம் 60 குரலுக்குச் சுமார் 29 எம்பி. அதற்குக் கீழே ரொம்ப இறக்கினால் மெல்லிய கீச்சுக்குரல்கள் மங்கிவிடும். ‘பறவை01’ என்று பெயர் வைக்காமல் பறவையின் பெயரையே கோப்புக்கு வையுங்கள். சாம்பிளை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாகுமெண்டாக அனுப்புங்கள்; போட்டோவாக அனுப்பினால் பக்கம் கலங்கிப்போய், 299-க்கு இதுவா என்றாகிவிடும்.

சாம்பிள் கட்டாயம் வேண்டும். தொட்டபெட்டாவில் எளிதில் கேட்கும் நீலகிரிச் சிரிப்பான் மாதிரி ஐந்து பறவைகள் போதும், முழுப் பக்கமும் முழுக் குரலுமாக. காதால் கேட்டுவிட்டவர் விலையை வைத்துத் தரத்தை ஊகிக்கத் தேவையில்லை. முழுத் தொகுப்பை மட்டும் ‘அறிமுகச் சலுகை’ என்று இலவசமாக விடாதீர்கள். ஓசியில் இறக்கியது டவுன்லோட் ஃபோல்டரிலேயே கிடக்கும், அடுத்து 299 என்றால் கொள்ளை என்பார்கள்.

(குரலைப் போட்டுப் பறவையை வரவழைக்கக் கூடாது என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள், புண்ணியமாகப் போகும்.)

வட்டக்கானல்
இன்னொன்று. 999-ஐ அடித்துவிட்டு ‘இன்று மட்டும் 299’ என்று வருஷம் முழுக்கப் போடாதீர்கள். ஒரு வாரத்தில் குட்டு வெளிப்படும். பொய்யான அவசரம் காட்டுவது 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட இருண்ட உத்திகள் (வாங்குகிறவரை ஏமாற்றும் ஆன்லைன் தந்திரங்கள்) பட்டியலிலும் இருக்கிறது.

கோத்தகிரிக்காரன்
நன்றிங்க. 149, 299 இரண்டையும் சோதித்துப் பார்க்கலாமா?

சிம்ஸ்பூங்கா
பார்க்கலாம், ஆனால் ஒரே வாரத்தில் ஆளுக்கொரு விலை சொல்லாதீர்கள். வாட்ஸ்அப் குழுவில் ஸ்கிரீன்ஷாட் வந்துவிடும். இரண்டு வாரம் 299, அடுத்த இரண்டு வாரம் 149, மறுபடி அதே மாதிரி ஒரு சுற்று. மே மாத மலர்க்கண்காட்சிக் கூட்டத்தில் ஒரு விலை, ஜூலை மழையில் இன்னொரு விலை என்று ஒப்பிட்டால் சீசனைத்தான் அளந்திருப்பீர்கள். வலசைப் பறவைகளைத் தேடி ஆட்கள் வரும் நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் முடியுங்கள். பக்கத்தைப் பார்த்தவர்கள், வாங்கியவர்கள், பணம் திருப்பிக் கேட்டவர்கள் என்று மூன்றையும் எழுதி வையுங்கள். ஆயிரம் பேர் பார்த்து 149-ல் 30 பேர் வாங்கினால் 4,470 ரூபாய். 299-ல் 18 பேரே வாங்கினாலும் 5,382. பத்துப் பதினைந்து விற்பனையை வைத்து மட்டும் முடிவு கட்டாதீர்கள். 149 ஜெயித்தால், 299-க்கு வாங்கியவர்களுக்கு அடுத்த பதிப்பைச் சும்மா அனுப்பிவிடுங்கள்.