புதுப்பிப்பு: அந்த 1999 எலிஸை வாங்கிவிட்டேன்

ரோவர் கே-சீரிஸ் எஞ்சின் உள்ள பழைய லோட்டஸ் எலிஸை (சின்ன பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) வாங்கலாமா, இல்லை காசு சேர்த்து டொயோட்டா எஞ்சின் வந்த பிந்தைய வண்டிக்குக் காத்திருக்கலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பாதிப் பேர் "ஹெட் கேஸ்கெட் போகும், ஓடிவிடு" என்றீர்கள். எஞ்சின் பிளாக்குக்கும் மேலே உள்ள ஹெட்டுக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் தகடுதான் அது.

ஓடவில்லை. என்னை மாற்றியது அதை ஏற்கெனவே மாற்றியதற்கான ஒரே ஒரு ரசீதுதான்: எஃகுத் தகடுகளை அடுக்கிய கேஸ்கெட், ஹெட்டை நகராமல் பிடிக்கும் பிளாஸ்டிக் முளைகளுக்குப் பதில் எஃகு முளைகள். இந்த எஞ்சினில் கூலன்ட் கொஞ்சம்தான். ரேடியேட்டரோ வண்டியின் மூக்கில், எஞ்சின் நடுவில். சின்னக் கசிவோ குழாயில் காற்றோ இருந்தால் போதும், சூடு சட்டென்று ஏறி கேஸ்கெட் போய்விடும்.

எஞ்சினைச் சூடாக்கி வைக்காதீர்கள் என்று விற்பவரிடம் முன்பே சொல்லியிருந்தேன். கூட வந்த மெக்கானிக் ஆயில் மூடியைத் திறந்து உட்புறத்தை விரலால் வழித்துப் பார்த்தார். ஆயிலில் கூலன்ட் கலந்தால் வரும் வெண்ணெய் மாதிரிப் பசை ஏதும் இல்லை. அப்புறம்தான் ஸ்டார்ட் செய்யவே விட்டார்.

இரண்டாவது வாரம் கூலன்ட் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. அன்றிரவு தூக்கமே இல்லை! கடைசியில் பார்த்தால் ஒரு ஹோஸ் கிளிப் தளர்ந்திருந்தது, அவ்வளவுதான். முறுக்கிய பிறகு அளவு அசையவில்லை. ஆனாலும் ஞாயிறுதோறும் எஞ்சின் ஆறியிருக்கும்போது திறந்து பார்க்கிறேன்.

முக்கால் டன்கூட தேறாத வண்டி; 1.8 லிட்டர் எஞ்சினே தாராளம். டைமிங் பெல்ட் (வால்வுகளை எஞ்சின் சுழற்சியோடு சேர்த்து இயக்கும் பட்டை) மாற்றியதற்கு மட்டும் ரசீது இல்லை. அடுத்த செலவு அதுதான்.